11 பெரிதா, 10.9 பெரிதா?

ஓணம் நெருங்கினால் திருவனந்தபுரத்தின் மின்னணுக் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. எம்.ஜி. ரோடு, பழவங்காடி, ஆக்குளம் லுலு மால் என்று எங்கே நுழைந்தாலும் தள்ளுபடிப் பலகை. டிவி, வாஷிங் மெஷின் வாங்க வந்தவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. டேப் அடுக்கின் முன்னால்தான் குடும்பம் முழுவதும் நின்றுவிடுகிறது. எல்லாமே கறுப்புக் கண்ணாடிப் பலகைகள். ஒன்றின் விலை இன்னொன்றைப்போல இரண்டு மடங்கு. வேறுபாட்டைச் சொல்ல அட்டைப்பெட்டியில் எண்கள் மட்டும் இருக்கின்றன: 11 இஞ்ச், 8 ஜிபி, 128 ஜிபி, 7040 எம்ஏஹெச்.

இந்த எண்களை நம்பி வாங்கலாமா? சோதித்துப் பார்க்க இரண்டு டேப்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று, ஆப்பிள் 2022 அக்டோபரில் வெளியிட்ட பத்தாம் தலைமுறை ஐபேட், திரை 10.9 இஞ்ச். மற்றது, சாம்சங் 2023-இல் கொண்டுவந்த கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ். திரை 11 இஞ்ச். இரண்டுக்கும் பின்னால் புதிய மாடல்கள் வந்துவிட்டன. ஆனாலும் சந்தையில் இன்று விற்கும் பெரும்பாலான டேப்கள் இந்த இரண்டு வடிவங்களில் ஒன்றை ஒட்டியே இருப்பதால் நமக்கு இவை போதும்.

முதல் கேள்வி மிக எளிது. எந்தத் திரை பெரிது? அட்டைப்பெட்டி 11 இஞ்ச் சாம்சங் என்கிறது. அளவுகோல் 10.9 இஞ்ச் ஐபேட் என்கிறது.

மூலைவிட்டம் மறைப்பது

டிவி காலத்திலிருந்தே திரையை மூலைக்கு மூலை அளப்பது வழக்கம். கீழ் இடது மூலையிலிருந்து மேல் வலது மூலை வரை உள்ள இந்தக் கோட்டுக்கு மூலைவிட்டம் என்று பெயர். ஒரு மனையை எவரும் மூலைவிட்டத்தைக் கேட்டு வாங்குவதில்லை. எத்தனை சென்ட் என்றுதான் கேட்கிறோம். ஏனென்றால் மூலைவிட்டம் ஒன்றாகவே இருக்க, மனை சதுரமாகவும் இருக்கலாம், ஒற்றையடிப் பாதைபோல நீண்டும் கிடக்கலாம். சதுரத்தை நெருங்க நெருங்கப் பரப்பு கூடும். நீள நீளக் குறையும்.

திரையும் அப்படித்தான். நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பக்க விகிதம் என்போம். சாம்சங் திரையின் பக்க விகிதம் 16-க்கு 10. ஐபேட் திரை அதைவிடச் சதுரம். ஏறக்குறைய 14-க்கு 10. மூலைகள் சற்று வளைந்திருப்பதைப் பொருட்படுத்தாமல் கணக்கிட்டால் சாம்சங் திரை 23.7 சென்டிமீட்டர் நீளம், 14.8 சென்டிமீட்டர் அகலம். பரப்பு சுமார் 351 சதுர சென்டிமீட்டர். ஐபேட் திரை 22.7 நீளம், 15.8 அகலம். பரப்பு சுமார் 359.

ஆக, சிறிய எண் போட்டதே பெரிய திரை. வித்தியாசம் 8 சதுர சென்டிமீட்டர்தான், ஒரு தபால்தலை அளவு. இதற்காகவா இத்தனை கணக்கு என்று தோன்றலாம். திரையில் எதையாவது திறக்கும்போதுதான் இந்த வடிவ வேறுபாடு தன் வேலையைக் காட்டும்.

பாடப் பக்கமும் பாட வீடியோவும்

2020 ஜூன் 1. கேரளத்தில் பள்ளி திறக்கவேண்டிய நாள். கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. அன்று ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்ற பெயரில் கைட் விக்டர்ஸ் தொலைக்காட்சியில் வகுப்புகள் ஆரம்பித்தன. திருவனந்தபுரம் பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட கைட் நிறுவனம் கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப அமைப்பு. விக்டர்ஸ் சேனல் 2005-லேயே எஜுசாட் செயற்கைக்கோளின் துணையோடு பிறந்தது. தொடங்கி வைத்தவர் அப்துல் கலாம். டிவி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. அதற்குப் பிறகுதான் போனும் டேப்பும் லேப்டாப்பும் கல்விச் சாமான்களின் பட்டியலில் ஏறின.

அந்த நாட்கள் டேப்புக்கு இரண்டு வேலைகளைப் பழக்கிவிட்டுப் போயின. ஒன்று வகுப்பு வீடியோ பார்ப்பது. மற்றது, பிடிஎஃப் ஆக வரும் பாடநூலையும் வினாத்தாளையும் வாசிப்பது. இரண்டின் வடிவமும் வேறு. வீடியோ பெரும்பாலும் 16-க்கு 9. அச்சுப் பக்கம் பெரும்பாலும் ஏ4 தாள்: 29.7 சென்டிமீட்டர் உயரம், 21 சென்டிமீட்டர் அகலம். அதாவது ஏறக்குறைய 14-க்கு 10. ஐபேட் திரையும் கிட்டத்தட்ட இதே வடிவம்தான்.

முதலில் பக்கத்தைத் திறப்போம். டேப்பை நிமிர்த்திப் பிடித்தால் ஐபேட்டில் பக்கம் 15.8 அகலத்துக்கு நிறைந்து, 22.3 உயரத்துக்கு வரும். மேலும் கீழும் ஏறக்குறைய எதுவும் வீணாகாது. தாளின் அளவில் 75 சதவீதம். சாம்சங்கில் அகலம் 14.8-லேயே முட்டிவிடும், உயரம் 20.9 வரும், மிச்சமிருக்கும் 2.8 சென்டிமீட்டர் வெறும் பட்டை. தாளின் அளவில் 70 சதவீதம். பக்கம் பிடிக்கும் பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் ஐபேட்டில் 353 சதுர சென்டிமீட்டர், சாம்சங்கில் 310. வெறும் திரையில் தபால்தலை அளவே இருந்த வித்தியாசம் 14 சதவீதமாக வளர்ந்துவிட்டது.

இப்போது வீடியோ. டேப்பைப் படுக்கையாகத் திருப்புவோம். ஐபேட்டில் படம் 22.7 நீளம், 12.8 உயரம். மேலும் கீழும் ஒன்றரை சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை. பரப்பு 291. சாம்சங்கில் 23.7 நீளம், 13.3 உயரம், பரப்பு 316. வீடியோவில் சாம்சங் ஏறக்குறைய 9 சதவீதம் பெரிது.

அதே இரண்டு கருவிகள். அட்டைப்பெட்டி எண்ணில் சாம்சங் முதலிடம். வெறும் பரப்பில் ஐபேட், மயிரிழையில். பக்கம் வாசிக்க ஐபேட், தெளிவாக. வீடியோ பார்க்க சாம்சங், தெளிவாக. என்ன திறக்கப்போகிறோம் என்று சொல்லாமல் ‘பெரிய திரை எது’ என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது.

இதில் ஒரு விலக்கும் உண்டு. செய்தித் தளங்கள், வாட்ஸ்அப், மின்நூல் செயலிகள் போன்றவற்றில் எழுத்து திரைக்கு ஏற்றபடி வரி மடிந்து ஓடும். எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அங்கே பக்க விகிதம் பெரிய விஷயமில்லை. இரண்டு திரைகளும் சமம் என்றே வைத்துக்கொள்ளலாம். பிடிஎஃப் போன்ற கட்டிப்போட்ட பக்கங்களில்தான் வடிவம் தீர்ப்பு சொல்கிறது.

கண்ணுக்கு எத்தனை புள்ளி போதும்?

அடுத்த எண் பிக்சல். திரையில் உள்ள ஒளிப்புள்ளிகளைத் தமிழில் படப்புள்ளி என்று சொல்லலாம். சாம்சங் திரையில் 1920-க்கு 1200 படப்புள்ளிகள். ஐபேட்டில் 2360-க்கு 1640. இஞ்சுக்கு எத்தனை என்று பார்த்தால் சாம்சங்கில் 206, ஐபேட்டில் 264. அதாவது ஒரு புள்ளியின் அகலம் சாம்சங்கில் 0.123 மில்லிமீட்டர், ஐபேட்டில் 0.096.

இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமா? ஒரு டிகிரிக் கோணத்தை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்குதான் நல்ல பார்வை உள்ளவரின் கண் பிரித்தறியும் எல்லை. 40 சென்டிமீட்டர் தொலைவில் அந்தக் கோணம் சுமார் 0.12 மில்லிமீட்டர். ஐபேட்டின் புள்ளி இந்த எல்லைக்கு உள்ளே அடங்கிவிடுகிறது. சாம்சங்கின் புள்ளி எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது. குழந்தைகள் டேப்பை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வித்தியாசம் தெரியும். வெள்ளெழுத்து வந்த தாத்தா அரை மீட்டர் தள்ளிப் பிடிப்பார். அவருக்கு இரண்டும் ஒன்றே. அவருக்காக அதிகப் புள்ளிகளுக்குக் காசு கொடுப்பது வீண்.

பக்கம் வாசிப்பவருக்கு இன்னொரு கணக்கு. ஏ4 தாளில் 10 பாயிண்ட் எழுத்தில் அச்சான வினாத்தாளைத் திரை அகலத்துக்கு விரித்தால், ஓர் எழுத்து வரியின் உயரத்துக்குச் சாம்சங்கில் சுமார் 20 படப்புள்ளிகள் கிடைக்கும். ஐபேட்டில் சுமார் 27. ஆங்கில எழுத்துக்கு 20 தாராளம். தமிழின் சுழிகளுக்கும் மெய்யின் தலைப்புள்ளிக்கும், மலையாளத்தின் கூட்டெழுத்துகளுக்கும் அந்தக் கூடுதல் ஏழு புள்ளிகள் உதவும். இருபதிலும் வாசிக்க முடியும். ஆனால் சிறிய எழுத்து வந்தால் விரலால் விரித்து விரித்துப் பார்க்கவேண்டியிருக்கும்.

வெள்ளை முண்டு செய்யும் வேலை

கடையில் பளபளத்த திரை வீட்டு முற்றத்தில் மங்கலாகிவிடுகிறதே, ஏன்? திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரை டிகிரி வடக்கே இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் ஊர். தெளிந்த வானில் நண்பகல் வெயிலின் அளவு ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் வந்து விழும் ஒளியின் அலகு. நம் வீட்டு அறை விளக்கு தருவது சில நூறு லக்ஸ்தான்.

திரையிலிருந்து கிளம்பும் ஒளிக்கு நிட் என்று ஓர் அலகு உண்டு. நாம் பார்க்கும் ரக டேப்கள் சுமார் 400 முதல் 500 நிட் தரும். இப்போது, வெள்ளை முண்டும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவர் உச்சிவெயிலில் டேப்பைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சட்டையிலிருந்து திரும்பும் ஒளி 25,000 நிட் அளவுக்கு வரும். பூச்சு ஏதும் இல்லாத கண்ணாடி தன்மேல் விழுவதில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். 25,000-இல் 4 சதவீதம் 1000 நிட். திரை தரும் ஒளியைப்போல இரண்டு மடங்கு பிரகாசமாக அவர் தம் சட்டையையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுத்து எப்படித் தெரியும்?

அவரே வீட்டு முன்திண்ணையின் நிழலுக்கு வந்தால் வெளிச்சம் 2000 லக்ஸ் அளவுக்கு இறங்கும். சட்டையின் பிரதிபலிப்பு 20 நிட் ஆகிவிடும். 400 நிட் திரையே போதும். கடைக்காரர் ‘இது ஐம்பது நிட் கூடுதல்’ என்று சொன்னால் நிழலில் அது தேவைப்படாது, வெயிலில் அது பற்றாது. வெளியில் நின்று வேலை செய்பவர் மட்டும் ஒளி எதிரொளிக்காத பூச்சு உள்ள திரையைத் தேடவேண்டும். அதற்கு விலை கூடும்.

ஆகாஷ் தந்த பாடம்

மலிவான டேப் வாங்கினால் என்ன குறையும்? இந்தக் கேள்விக்கு இந்தியாவே ஒரு தடவை விடை பார்த்திருக்கிறது. 2011 அக்டோபர் 5 அன்று டெல்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ டேப்பை வெளியிட்டார். செய்தது டேட்டாவிண்ட் நிறுவனம். அரசுக்கு அடக்க விலை 2,300 ரூபாய்க்கும் குறைவு. உலகின் மிக மலிவான டேப் என்று எங்கும் பேச்சு. ஏழு இஞ்ச் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் நுண்செயலி, 256 எம்பி ரேம்.

கைக்கு வந்தபோது முதலில் எழுந்த புகார்களில் ஒன்று தொடுதிரையைப் பற்றியது. ஆகாஷில் இருந்தது அழுத்தத் தொடுதிரை. மெல்லிய இடைவெளியோடு இரண்டு படலங்கள். விரல் அழுத்தும் இடத்தில் மேல்படலம் கீழ்ப்படலத்தைத் தொட்டால்தான் கருவிக்குச் செய்தி போகும். அழுத்தாவிட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டு விரலால் படத்தை விரிப்பது அதற்குக் கைவராத வித்தை. இன்றைய டேப்களில் இருப்பது மின்னேற்பத் தொடுதிரை. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கம்பி வலை. மின்சாரத்தைக் கடத்தும் நம் விரல் அருகே வந்தாலே அங்கே மின்னேற்றம் மாறும். அழுத்தவே வேண்டாம்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு, மழை ஊரில் அது அடிக்கடி வெளிப்படும். தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நாளாக வானிலைத் துறை வைத்திருப்பது ஜூன் 1. பள்ளி திறப்பும் ஏறக்குறைய அன்றுதான். நனைந்து வந்த பிள்ளை ஈர விரலோடு தொட்டால் திரை தானாக ஓடுவதும் நின்றுவிடுவதும் கருவியின் கோளாறு இல்லை. துடைத்துவிட்டுத் தொடவேண்டும். எந்த விலைக்கு வாங்கினாலும் இது இருக்கும்.

ஓர் ஆண்டுக்குப் பின், 2012 நவம்பரில், ஆகாஷ்-2 வந்தது. ஏறக்குறைய அதே விலை. ஆனால் மின்னேற்பத் தொடுதிரை, ஒரு கிகாஹெர்ட்ஸ் நுண்செயலி, 512 எம்பி ரேம். விலை மாறாமல் ஓராண்டில் கருவி இவ்வளவு மாறியது. அவசரம் இல்லாதவருக்குக் காத்திருப்பதும் ஒரு தேர்வு.

ரேம் என்ற ஆயுள் ரேகை

கடையில் ‘128 ஜிபி மெமரி’ என்பார்கள். அது படம், பாட்டு, பிடிஎஃப் எல்லாம் நிரந்தரமாக இருக்கும் சேமிப்பகம். ரேம் வேறு, இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளுக்கான தற்காலிக நினைவகம். சேமிப்பகம் குறைந்தால் பழைய வீடியோக்களை அழித்துச் சமாளிக்கலாம். சில டேப்களில் மெமரி கார்டும் போடலாம். ரேம் குறைந்தால் பின்னால் கூட்ட வழியே இல்லை.

அதன் விளைவைக் காட்ட ஐபேட்டின் முதல் இரண்டு தலைமுறைகளே போதும். முதல் ஐபேட் 2010 ஏப்ரலில் வந்தது. ரேம் 256 எம்பி, ஆகாஷில் இருந்த அதே அளவு. ஐபேட்-2 அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்தது. ரேம் 512 எம்பி, நுண்செயலியும் வேகமானது. திரையின் அளவு, படப்புள்ளி எல்லாம் அதே. முதலாவது, ஆப்பிளின் இயங்குதளமான ஐஓஎஸ் 5-ஓடு நின்றுபோனது. இரண்டாவது ஐஓஎஸ் 9 வரை போனது. இயங்குதளம் நின்றுபோனால் செயலிகள் ஒவ்வொன்றாக ‘உங்கள் கருவிக்குப் பொருந்தாது’ என்று கைவிரிக்கத் தொடங்கும். கண்ணாடி உடையாது, மின்கலம் சாகாது, ஆனாலும் டேப் முதுமை அடைந்துவிடும்.

ஆகவே ஒரே மாடலில் 4 ஜிபி, 8 ஜிபி என்று இரண்டு இருந்தால், நான்கைந்து ஆண்டு வைத்திருக்கப்போகிறவர் ரேம் கூடுதலானதை வாங்குவது நல்லது. இதிலும் ஓர் எச்சரிக்கை: ஆப்பிளின் 4 ஜிபியையும் ஆண்ட்ராய்டின் 4 ஜிபியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக்கூடாது. இரண்டு இயங்குதளங்களும் நினைவகத்தைக் கையாளும் முறை வேறு. இயங்குதளப் புதுப்பிப்பை எத்தனை ஆண்டு தருவதாக நிறுவனம் சொல்கிறது என்று கேட்பது இன்னும் நேரடியான கேள்வி. விலையை அந்த ஆண்டுகளால் வகுத்தால் மலிவு என்று நினைத்தது சில வேளை விலை உயர்ந்ததாகிவிடும்.

எம்ஏஹெச்சும் வாட்-மணியும்

மின்கலத்துக்கும் அட்டைப்பெட்டி இரண்டு மொழி பேசுகிறது. சாம்சங் 7040 எம்ஏஹெச் என்கிறது. ஆப்பிள் 28.6 வாட்-மணி என்கிறது. முன்னதை ஆயிரத்தால் வகுத்து, மின்கலத்தின் அழுத்தமான சுமார் 3.85 வோல்ட்டால் பெருக்கினால் 27 வாட்-மணி கிடைக்கும். ஆக இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றலைத்தான் சுமக்கின்றன. அட்டையில் உள்ள ஆயிரக்கணக்கைக் கண்டு மயங்கவேண்டாம்.

மின்கலத்தின் ஆயுளை எண்ணைவிட வெப்பம் அதிகமாகத் தீர்மானிக்கிறது. ஐபேட்டைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டாமல் இருக்கட்டும் என்பது ஆப்பிள் சொல்லும் வரம்பு. திருவனந்தபுரத்தின் மார்ச், ஏப்ரல் பிற்பகல்கள் அந்த வரம்பின் பக்கத்தில் வந்து நிற்கும். கதவடைத்து வெயிலில் நிறுத்திய கார் அதை எளிதாகத் தாண்டும். எந்த டேப்பாக இருந்தாலும் காரில் விட்டுச் செல்லக்கூடாது.

வீட்டுக்கு வீடு மாறும் வரிசை

ஒரு கருவி எல்லா அளவிலும் மற்றதைவிட மேலாக இருந்து விலையும் குறைவாக இருந்தால் யோசிக்க எதுவுமில்லை. அப்படி ஒன்று வந்துவிட்டால் மற்றது கடையில் தங்காது. அடுக்கில் இரண்டும் சேர்ந்து நிற்பதே, ஒவ்வொன்றும் எதிலாவது முந்துகிறது என்பதன் அடையாளம். அங்கே ‘சிறந்தது’ என்று ஒன்றைக் கருவியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டில் அது என்ன வேலைக்கு எத்தனை மணி நேரம் என்பதையும் சேர்த்தால்தான் வரிசை பிறக்கும்.

அரசுப் பணிக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு மூன்று மணி நேரம் பழைய வினாத்தாள் பிடிஎஃப், ஒரு மணி நேரம் வகுப்பு வீடியோ. பக்கத்தில் ஐபேட்டுக்கு 14 சதவீத முன்னிலை. மூன்று மணிக்குப் பெருக்கினால் 42. வீடியோவில் சாம்சங்குக்கு 9. ஒரு மணிக்கு 9. இவருக்கு ஐபேட் வடிவம் தெளிவாக மேல். அதே வீட்டில் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்று மணி நேரம் வீடியோ, அரை மணி பாடநூல். சாம்சங்குக்கு 27, ஐபேட்டுக்கு 7. வரிசை தலைகீழ். வாட்ஸ்அப்பும் செய்தியும் மட்டும் பார்க்கும் பாட்டிக்கு இரண்டும் சமம். விலை குறைந்ததே போதும். கணக்கு இங்கேயே நிற்கும். அந்த 42-க்கு எத்தனை ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதை வாங்குபவரின் பையும் தேவையும்தான் சொல்லவேண்டும்.

கடையில் டேப்கள் எப்படிக் காட்சிக்கு நிற்கின்றன என்று கவனியுங்கள். படுக்கையாகச் சாய்த்து, ஏசி அறையில், மிதமான விளக்கொளியில், வண்ண வீடியோ ஓடிக்கொண்டிருக்கும். நாம் பார்த்த கேள்விகளில் வீடியோ ஒன்றுக்குத்தான் அது பதில் சொல்கிறது. வாசிப்பு, வெயில், ஈர விரல், நான்காம் ஆண்டு எதுவும் அங்கே தெரியாது. போகும்போது நீங்கள் அதிகம் வாசிக்கும் ஒரு பிடிஎஃப்பை போனில் எடுத்துப்போங்கள். இரண்டு டேப்களிலும் திறக்கச் சொல்லி, நிமிர்த்தி, வீட்டில் பிடிக்கும் தொலைவில் பிடித்து, விரிக்காமல் ஒரு பக்கம் வாசித்துப் பாருங்கள். ‘எது நல்ல டேப்?’ என்று கேட்டால் விற்பனையாளர் விலை அதிகமானதைக் காட்டுவார். ‘இந்தப் பக்கத்தை எதில் வாசிக்க வசதி?’ என்று கேட்டால் அவருக்கும் இரண்டையும் திறந்து காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.